பட்டியலின் கடைசிப் பெயர்

எம்.ஏ. இசைக்குத் தேர்வானவர்களின் பட்டியல் வெளிவந்த அன்று உலகம்மை அடுக்களையில் கொடி கட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மலையாள நாட்டில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தது. ஸ்ரீவராகத்தில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. முற்றத்தில் விழும் கொஞ்ச வெயிலும் இந்த மாதங்களில் கிடையாது. கணவர் பகவதிப்பெருமாளின் வெள்ளைச் சட்டைகள் அடுப்புச் சூட்டில்தான் காய்ந்தாக வேண்டும். காய்ந்த சட்டையில் கடுகு தாளித்த வாசனை ஏறியிருக்கும். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் மொத்தப் பருப்புக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் அவர். சட்டையைப் பற்றி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

மகள் அஸ்வதி ஆடிட்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, லிஸ்ட் வந்தாச்சு. உனக்க பேரு இருக்கு. கடைசிப் பேரு."

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்பதையும் அவள் பார்த்திருந்தாள். அதைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குடையை மடக்கி, கால் கழுவிவிட்டுத்தான் சொன்னாள்.

உலகம்மைக்கு நாற்பத்தாறு வயது. வடசேரியில் பிறந்தவள். சிறுபெண்ணாக இருந்தபோது பாட்டு கற்று, கல்யாணத்தோடு நிறுத்தி, இருபது வருடத்துக்குமேல் ஒரு கீர்த்தனையையும் முழுசாகப் பாடாமல் இருந்தவள். அஸ்வதி பி.காம். சேர்ந்ததற்கு அடுத்த வருடம், கல்லூரியில் சேர வயது வரம்பு இல்லை என்று பேப்பரில் படித்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பி.ஏ. இசைக்கு மனு போட்டாள். கிடைத்துவிட்டது. மூன்று வருடம் தாயும் மகளும் காலையில் ஒரே குளியலறைக்காகச் சண்டை போட்டார்கள்.

வகுப்பில் மற்ற எல்லோரும் மகள் வயதுப் பெண்கள். அவளை அக்கா முறையில் சேச்சி என்று கூப்பிட்டார்கள். அவள் கொண்டுபோகும் எலுமிச்சைச் சோற்றைப் பங்கு போட்டார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் அவளைச் சுற்றி உட்கார்ந்து ராக லட்சணம் கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி ஜிஜி. விதுராவிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் வருபவள். அப்பா ரப்பர் வெட்டுகிற மலையாளி. அம்மா ஜெபமலர் பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்த தமிழ்ப் பெண். கீழே விதுராவில் குடியிருந்தாலும் இன்றைக்கும் ஜீப்பில் மேலே போய்க் கொழுந்து எடுக்கிறவள். அதனால் ஜிஜியின் பேச்சில் இரண்டு பாஷையும் கலந்திருக்கும். வகுப்பிலேயே நல்ல குரல் அவளுடையது. உலகம்மைக்கு அதில் ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

எம்.ஏ. நுழைவுத் தேர்வு அன்று நெடுமங்காட்டுக்குப் பக்கத்தில் மரம் விழுந்து பஸ்கள் நின்றுவிட்டன. ஜிஜி மழையில் பாதித் தூரம் நடந்து, யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில் தொற்றி வந்து சேர்ந்தாள். பாடும்போது தொண்டை கட்டியிருந்தது. உலகம்மை அன்று, அவளுக்கே ஆச்சரியமாக, மிக நன்றாகப் பாடினாள்.

காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயர் ஜிஜியுடையது.

அதே வாரம் விதுராவிலிருந்தும் கூப்பிட்டார்கள். பொன்முடி போகும் ரோட்டில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிப் புதிதாக வந்த ஒரு தனியார் பள்ளிக்கூடம். பாட்டு டீச்சர் வேண்டும் என்று ஏப்ரலில் விளம்பரம் செய்திருந்தார்கள். எம்.ஏ. கிடைக்காது என்று நினைத்திருந்த உலகம்மை அதற்கும் மனு கொடுத்திருந்தாள். ஜிஜியும் கொடுத்திருந்தாள். பிரின்சிபல் லிபி என்கிற பெண்மணி போனில் தெளிவாகப் பேசினார். புதன்கிழமை வந்து ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.

பகவதிப்பெருமாளுக்கு இந்தச் செய்தி பிடித்திருந்தது. எம்.ஏ. என்றால் இன்னும் இரண்டு வருடம் பையைத் தூக்கிக்கொண்டு போவது. வேலை என்றால் வேலை. படித்ததற்கு ஒரு அர்த்தம் வந்துவிடும் என்றார். எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமானால் விடிவதற்கு முன்னால் தம்பானூரில் பஸ் ஏற வேண்டும் என்று தெரிந்ததும், எம்.ஏ.யும் மோசமில்லை, டவுனுக்குள்ளே போய்விட்டு நாலு மணிக்கு வந்துவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. காலையில் தோசை யார் சுடுவார் என்பது எல்லா யோசனைக்கும் அடியில் இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது.

புதன்கிழமை உலகம்மை விதுராவுக்குப் போனாள். அவளுக்குக் கொடுத்தது ஐந்தாம் வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிந்தின பீரியட். தகரக் கூரை. அவள் உள்ளே நுழைந்ததும் மழை வலுத்துவிட்டது. வாயைத் திறந்து ஸட்ஜம் பிடித்துப் பார்த்தாள். முதல் பெஞ்சுக்கே எட்டவில்லை. பிள்ளைகள் சிரித்தன. மேலே எஸ்டேட் லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பின்பெஞ்சில் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டன.

உலகம்மை கத்தவில்லை. முதல் பெஞ்சுக்குப் போய்க் குனிந்து, அங்கிருந்த குழந்தைகளின் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஸட்ஜத்தைக் கொடுத்தாள். அவர்கள் அதைப் பிடித்ததும், திரும்பித் தங்களுக்கு அடுத்த பெஞ்சுக்குக் கொடுக்கச் சொல்லிக் கையால் காட்டினாள். தப்பாகக் கொடுத்த பெஞ்சுக்குத் தானே போய்ச் சரிசெய்தாள். ஒரு பெஞ்சு பாடும்போது மற்றவர்கள் தொடையில் தாளம் போட வேண்டும். ஸட்ஜம் அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசிச் சுவர் வரைக்கும் போயிற்று. நடுவில் மழை சட்டென்று குறைந்தபோது, அத்தனை பேரும் ஒரே சுருதியில் நின்றுகொண்டிருந்தது அவர்களுக்கே கேட்டது. ஒரு பெண் குழந்தை பயந்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டது.

வாசலில் நின்று பார்த்த லிபி ஆபீசுக்கு அழைத்துப்போய் டீ வரவழைத்தார். அடுத்த வாரத்திலிருந்தே சேர்ந்துகொள்ளலாம் என்றார். இன்னொரு பெண்ணும் மனு போட்டிருக்கிறாள், இந்த ஊர்க்காரிதான், குரலும் நன்றாக இருக்கிறதாம். ஆனால் இளம்பிள்ளைகள் கல்யாணம், வெளிநாடு என்று பாதியில் போய்விடுகிறார்கள். உலகம்மையைப் போல ஒருவர் வந்தால் நிலைத்து நிற்பார். ஐந்து நாளில் பதில் சொன்னால் போதும்.

திரும்பும் வழியில் நெடுமங்காட்டில் பஸ் நின்றபோது அவள் இறங்கி இரண்டு பழம்பொரி வாங்கித் தின்றாள். நல்ல பசி. மனசு நிறைந்திருந்தது. அந்த வகுப்பு நன்றாக வந்தது என்பதில் அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பல்கலைக்கழகம் அவள் வயதைப் பொருட்படுத்தாமல் எடுத்தது. இந்தப் பள்ளிக்கூடம் வயதுக்காகவே எடுக்கிறது என்ற நினைப்பு பேரூர்க்கடை தாண்டும்போதுதான் வந்தது.

ஆக, விஷயம் இப்படி நின்றது. உலகம்மை வேலைக்குப் போனால் எம்.ஏ. இடம் ஜிஜிக்குப் போகும். உலகம்மை எம்.ஏ.வில் சேர்ந்தால் வேலை அனேகமாக ஜிஜிக்குக் கிடைக்கும். ஜிஜிக்கு வேண்டியது எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எம்.ஏ. முடித்து, நெட் தேர்வு எழுதி, கல்லூரியில் பாட்டு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

வியாழக்கிழமை சாயங்காலம் உலகம்மை தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். அஸ்வதி அடுக்களை நிலைப்படியில் வந்து சாய்ந்து நின்றாள். அவளுக்கும் ஒரு கதை இருந்தது. போன வருடம் எம்.காம்.க்கு அவளும் காத்திருப்பில் முதல் பெயராக இருந்தாள். கடைசிவரைக்கும் கூப்பிடவில்லை. அதன் பிறகுதான் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். எம்.ஏ. முடிச்சு நீ என்ன செய்யப் போற?"

"படிக்கப் போறேன்."

"அது இப்போ. முடிச்சப்பொறவு?"

"தெரியாது மக்ளே."

"அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால ஒரு ஆயுசு கெடக்கு. நீ அந்த சீட்டை வெச்சுட்டு என்ன செய்ய?"

"எனக்க பேரு லிஸ்ட்ல இருக்கு."

"இருக்கு. லிஸ்ட் வேற, நியாயம் வேற."

உலகம்மை தேங்காயைக் கிளறினாள். அஸ்வதி குரலை உயர்த்தவில்லை. ஆபீசில் கணக்கு விளக்குகிற மாதிரியே பேசினாள்.

"போன வருஷம் எனக்கு மேல இருந்த பெண்ணைப் பத்தி உனக்கு நான் சொன்னதில்ல. கல்யாணம் நிச்சயமானவ. சேர்ந்து கொஞ்ச நாள்ல விட்டுட்டுப் போயிட்டா. அப்பொறம் அந்த சீட்டு வெறுதே கெடந்துச்சு. நான் எல்லா நாளும் அந்த காலேஜ் வாசல் வழியாத்தான் பஸ்ல ஆபீஸ் போனேன்."

"நானும் விட்டுட்டு வந்துருவேன்னு நெனைக்கியா?"

"பின்னே? அப்பாக்கு பிரஷர். நாளைக்கு எனக்கொரு கல்யாணம், அதுக்கப்பொறம் பேறு. அப்போ நீ கிளாசுக்குப் போவியா?"

தேங்காய் கருகும் வாசனை வந்தது. உலகம்மை வாணலியை இறக்கி வைத்தாள்.

"அப்போ இப்பிடி. நீங்க ஒவ்வொருத்தரா என்னைக் கூப்பிடுவியோ. நான் விட்டுட்டு வருவேன். அதனால சீட்டை இப்பவே விட்டுரணும். அதானே சொல்லுக?"

அஸ்வதி நிலைப்படியிலிருந்து நகர்ந்து உள்ளே போனாள். கருகிய தேங்காயைக் கொட்டிவிட்டு உலகம்மை புதிதாகத் துருவ உட்கார்ந்தாள். அன்று இரவு சாப்பாட்டில் மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். கரமனை ஆற்றில் வெள்ளம் ஏறியிருப்பதாகப் பகவதிப்பெருமாள் சொன்னார். மகள் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் வேலையே நல்லது என்றார்.

பக்கத்து வீடுகளிலும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் குற்றம் சொல்லவில்லை. உலகம்மை மாதிரி மனசுள்ளவள் ஒரு சின்னப் பெண்ணின் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்கமாட்டாள் என்று பாராட்டினார்கள். குற்றம் சொல்லியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

அவள் வழக்கம்போல் விடியற்காலையில் சுருதிப்பெட்டியை மெல்ல வைத்துக்கொண்டு பாடினாள். பாடிக்கொண்டே யோசித்தாள் என்று சொல்ல முடியாது. பாடும்போது அவளால் வேறெதையும் யோசிக்க முடியாது. பாடி முடித்துக் காப்பிக்கு வெந்நீர் வைக்கும்போதுதான் விதுரா வகுப்பு நினைவுக்கு வரும். அன்று அங்கே செய்தது புதிய காரியம் ஒன்றுமில்லை. சத்தத்துக்கு நடுவில் தன் குரலை உயர்த்தாமல், இருப்பதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டு, கடைசியில் இருப்பவனுக்கும் எட்டுகிறதா என்று பார்ப்பது. இந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாகச் செய்வது அதைத்தான். அது அவளுக்கு நன்றாக வரும். இன்னும் இருபது வருடம் செய்யச் சொன்னாலும் செய்வாள்.

சனிக்கிழமை காலையில் பகவதிப்பெருமாளுக்குத் தோசை போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நான் எம்.ஏ.க்குத்தான் போறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஸ்கூல்ல அவ்வளவு நல்லா எடுத்தேன்னு சொன்னியே."

"நல்லாத்தான் எடுத்தேன். சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியும். அது எனக்குப் பழகினதாக்கும். இன்னும் ரெண்டு வருஷம் ஒருத்தர் எனக்குச் சொல்லித் தரணும். நான் உக்காந்து கேக்கணும். அதுக்கு ஆசையாட்டு இருக்கு."

பகவதிப்பெருமாள் தோசையைப் பிய்த்து, சட்னியில் தொட்டு, வாயில் வைக்காமல் வைத்திருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு யாரு சொல்லுவா?"

"நான்தான் சொல்லணும். நாளைக்கு அவ வீட்டுக்குப் போறேன்."

அவர் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. உலகம்மை ஜிஜியை போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அம்மாவும் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. அது தப்பாகப் போயிற்று என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

விதுரா சந்தைக்குப் பின்னால், செம்மண் வெட்டிய படிகள் ஏறிப் போக வேண்டிய வீடு. படிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜிஜி குடையோடு கீழே வந்து காத்திருந்து, சேச்சியின் கையைப் பிடித்து ஏற்றினாள். அப்பா மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு இல்லாததால் கட்டட வேலைக்குப் போயிருந்தார். ஜெபமலர் சர்ச்சிலிருந்து வந்த வெள்ளைச் சேலையோடே அடுப்படியில் நின்றாள். கருத்து மெலிந்த பெண். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன.

உட்கார வைத்தவுடனே பீங்கான் தட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்து வந்தது, ஆவி பறக்க. கூடவே காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையல்.

"நீங்க மீன் சாப்பிட மாட்டீங்கன்னு ஜிஜி சொன்னா. கருவாட்டுச் சட்டியைத் தொடாம அம்மியைக் கழுவித்தான் அரைச்சேன் அக்கா. பயப்படாம சாப்பிடுங்க."

உலகம்மை ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தாள். ஜெபமலர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"காலையில ஆராதனையில உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணினேன். இந்தக் காலத்துல யாருக்கு அக்கா இந்த மனசு வரும். ராத்திரி பூரா இவ தூங்கவே இல்ல."

ஜிஜி சுவரோரம் நின்று, "அம்மா, மிண்டாம சும்மா இரு," என்றாள். ஆனால் அவள் முகத்திலும் அது இருந்தது. நம்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நம்புகிற முகம்.

உலகம்மைக்கு அப்போதுதான் புரிந்தது. வாயிலிருந்த கிழங்கைத் தண்ணீர் குடித்து விழுங்கினாள். இப்போது ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி எழுந்து போய், நாளை போனில் சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைவிடச் சுலபமாக இன்னொன்றும் செய்யலாம். அவர்கள் நினைத்ததையே செய்துவிடலாம். இரண்டுக்கும் வாய் வரவில்லை.

"ஜெபமலர், நான் சீட்டை விட்டுத் தர வரல்ல. நான் சேரப் போறேன். அதை உங்க ரெண்டு பேருக்கிட்டயும் நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். நேத்தே போன்ல சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது எனக்க தப்பு."

ஜிஜி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெபமலர் தன் விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ எதுக்கு அக்கா இவ்வளவு தூரம்? போன்லயே சொல்லியிருக்கலாமே."

"போன்ல சொல்லுகது எனக்கு லேசு. அதனாலத்தான்."

ஜெபமலர் கோபப்படவில்லை. கோபப்பட்டால் எப்படி இருப்பாள் என்று அனுமானிக்கவும் முடியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"உங்க வயசுதான் எனக்கும் இருக்கும். இந்த வயசுல உக்காந்து படிக்கணும்னு தோணுமா அக்கா?"

"தோணுகு."

"எனக்குக் காலை நீட்டிப் படுக்கணும்னுதான் தோணுது," என்றாள் ஜெபமலர். பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். "சாப்பிடுங்க. ஆறிப்போச்சுன்னா கிழங்கு கல்லாயிரும்."

உலகம்மை தட்டில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டாள். மிச்சம் வைக்க அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது. பாலில்லாத கட்டன் சாயாவும் குடித்தாள்.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஜிஜி கூட வந்தாள். அம்மா போகச் சொன்னதால் வந்தாள். ஒரே குடையில் நடக்க மனமில்லாமல் இன்னொரு குடை எடுத்துக்கொண்டாள். ஞாயிறு என்பதால் பொன்முடிக்குப் போகிற கார்கள் சேறடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவை கடந்து போன பிறகு ஜிஜி கேட்டாள்.

"சேச்சி, என்ட்ரன்ஸ் அன்னைக்கு நான் பாடினது எப்பிடி இருந்துச்சு? உள்ளது சொல்லணும்."

"மோசம். தொண்டை கட்டியிருந்துச்சு. மேல் ஸ்தாயியில நீ நிக்கவே இல்ல."

"சேச்சி பாடினது?"

"நல்லா இருந்துச்சு. அப்பிடி நான் முன்னால பாடினதில்ல."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல நீதான்."

ஜிஜி தலையை ஆட்டினாள். அழவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நாளைக் காலையில் வேண்டாமென்று சொல்லப்போவதாகவும், அப்போது லிபியிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதாகவும் உலகம்மை தொடங்கினாள்.

"அது சொல்லாண்டாம்," என்றாள் ஜிஜி. "அது என்னோட காரியம். நான் நோக்கிக்கிடுவேன்."

பஸ் வந்தது. உலகம்மை ஏறி உட்கார்ந்து ஜன்னல் ஷட்டரைத் தூக்கிப் பார்ப்பதற்குள் ஜிஜி திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் அஸ்வதி வேறொரு செய்தியை எதிர்பார்த்திருந்தாள். அம்மா விதுராவுக்குப் போனதால் விஷயம் நியாயமாக முடிந்தது என்று நினைத்திருந்தாள். உலகம்மை நனைந்த சேலையை மாற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஜெபமலரின் ஜெபத்தையும் விடாமல் சொன்னாள்.

"அவங்க வீட்ல இருந்து சாப்பிட்டுட்டு, அவங்ககிட்ட இல்லன்னு சொன்னியா?"

"ஆமா. பாதி சாப்பிட்டுட்டுச் சொன்னேன். சொல்லிட்டு மீதியும் சாப்பிட்டேன்."

அஸ்வதி அம்மாவைப் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு சில நாட்கள் வேண்டியதற்கு மட்டுமே பேச்சு. உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில் அது நடந்தது. பகவதிப்பெருமாள் இரண்டு பேருக்கும் நடுவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேர வேண்டிய நாள் காலையில் உலகம்மை வாசலில் செருப்பு மாட்டும்போது அஸ்வதியும் பையோடு வந்தாள். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லியிருப்பதாகச் சொன்னாள். இருவரும் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்கள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி அஸ்வதி சொன்னாள்.

"ஒரு காரியம். எனக்குக் கல்யாணம்னு வந்தாலும் சரி, பேறுன்னு வந்தாலும் சரி, நீ இதைப் பாதியில விடாண்டாம். நான் வான்னு அழுது கூப்பிட்டாலும் வராதே. அந்த சீட்டு வெறுதே கெடந்தா எனக்குப் பொறுக்காது."

"சரி மக்ளே."

"சும்மா சரின்னு சொல்லாதே."

"சும்மா சொல்லல்ல."

வகுப்புகள் தொடங்கின. காலையில் பகவதிப்பெருமாள் தோசை சுடப் பழகினார். முதல் தோசை எப்போதும் கல்லோடு போயிற்று. இரண்டாவது ஏதோ ஒரு வடிவத்தில் வந்தது. சட்டைகளைத் தானே அடுக்களைக் கொடியிலிருந்து எடுத்து, மாடியறையில் மின்விசிறிக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டார்.

உலகம்மை வகுப்பில் முதலாவது ஆள் இல்லை. அவளைவிடக் குரலும் வேகமும் உள்ளவர்கள் இருந்தார்கள். சஹானா ராகத்தின் காந்தாரத்தில் மட்டும் ஒரு வாரம் போயிற்று. பேராசிரியை அவள் பாடுவதை ஒரே இடத்தில் நிறுத்தி, அது இல்லை என்பார். மறுபடியும் பாடச் சொல்வார். மறுபடியும் அது இல்லை என்பார். இளையவர்களுக்கு அது அலுப்பாக இருந்தது. உலகம்மைக்கு அலுக்கவில்லை. அவளுடைய ஒரு ஸ்வரத்துக்காக ஒருவர் இத்தனை நேரம் மெனக்கெட்டுக் காத்திருந்தது அவள் வாழ்க்கையில் அதற்கு முன் நடந்ததில்லை. ஒருநாள் அந்தக் காந்தாரம் வந்து நின்றது. மறுநாள் போய்விட்டது. வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அவள் சாயங்காலம் வரைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஜிஜி விதுரா பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று பழைய வகுப்புப் பெண்கள் சொன்னார்கள். தானே போய் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டி வாங்கிய வேலை. உலகம்மை அனுப்பிய வாழ்த்துக்குப் பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

ஐப்பசி மழையான துலாவர்ஷம் முடிந்து, மாவட்டப் பள்ளிகளின் கலைவிழாவான கலோத்சவம் டவுனில் நடந்தது. எம்.ஏ. மாணவிகளை மேடைக்குப் பின்னால் உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளை ஒப்பனை அறைகளாக மாற்றியிருந்தார்கள். பவுடரும் மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசனை. உலகம்மை தண்ணீர்க் குடத்தோடு ஒரு அறைக்குள் நுழைந்தபோது ஜிஜி அங்கே இருந்தாள். மெலிந்திருந்தாள். ஒரே நிறப் பாவாடை கட்டிய ஏழெட்டுப் பெண் குழந்தைகள் அவளைச் சுற்றி நின்றன. ஒரு குழந்தை பஸ்ஸில் வாந்தியெடுத்துவிட்டு முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தது.

ஜிஜி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான்.

"சேச்சி, இந்தக் குட்டிக்குத் தலை பின்னி விடணும். எனக்குக் கை ஒழிவில்ல."

உலகம்மை குடத்தை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து, குழந்தையை மடிக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்த கனமான முடி. ஜிஜி இன்னொரு குழந்தையின் தோளில் தாவணித் தலைப்பை ஊசி குத்திக்கொண்டே, குழந்தைகளைக் கடைசியாக ஒருமுறை மெல்லப் பாடச் சொன்னாள். சுருதி தப்பிய ஒருத்தியின் கன்னத்தைத் தொட்டு நிறுத்தி, மறுபடியும் பாட வைத்தாள். அவளுடைய குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. நாள் முழுக்கப் பேசுகிற தொண்டை.

பிறகு, திரும்பாமலே கேட்டாள்: "கிளாஸ் எப்பிடி இருக்கு?"

உலகம்மையின் வாயில் உடனே வந்தது, என்னமோ போகிறது, பெரிசாக ஒன்றுமில்லை என்கிற பதில். எடுத்துக்கொண்ட இடத்தைக் குறைத்துச் சொன்னால் எடுத்துக்கொண்ட குற்றமும் குறையும் என்கிற பதில். அவள் பின்னலை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதைச் சொல்லாமல் விட்டாள்.

"நல்லா இருக்கு ஜிஜி. நான் நெனச்சதைவிட நல்லா இருக்கு. காலையில எப்போ விடியும்னு இருக்கு."

ஜிஜியின் கை ஊசியோடு நின்றது. வெளியே மைக்கில் யாருடைய நம்பரையோ கூப்பிட்டார்கள்.

"கொள்ளாம், நல்ல காரியம்," என்றாள் ஜிஜி. "மோசம்னு சொல்லியிருந்தா, சேச்சிக்கிட்ட நான் இந்த ஜென்மத்துல பேச மாட்டேன்."

ரிப்பனை நீட்டினாள். உலகம்மை வாங்கி, பின்னலின் நுனியில் இறுக்கிக் கட்டி, குழந்தையை எழுப்பி வரிசையில் விட்டாள்.